அவன் வேண்டிய என் மீசை

அவன் செய்தது திருட்டு. வேறு பேர் கிடையாது. இருட்டில் வந்து பீரோவை உடைத்தால்தான் திருட்டா? பட்டப்பகலில், பத்தொன்பதாவது மாடியில், சாட்சியை வைத்துக்கொண்டு, என் தலைமுடியையும் மீசையையும் என்னைக் கேட்காமல் ஒரு சாமிக்குக் கொடுத்தானே, அதற்கு என்ன பேர்? நீங்களே சொல்லுங்கள் அண்ணே. சொல்வதற்கு முன்னால் அந்தக் கத்தியைக் கீழே வையுங்கள். தலையில் தண்ணீர் தெளித்துவிட்டீர்கள், சரி, தெளித்தது தெளித்ததாக இருக்கட்டும். மொட்டைக்குச் சீட்டு வாங்கியவன் நாலு வார்த்தை பேசக்கூடாது என்று கோயில் போர்டில் எழுதியிருக்கிறதா? பார்த்துவிட்டேன், இல்லை. பின்னால் ஆளும் இல்லை. புதன்கிழமை, கூட்டம் கிடையாது.

என் பேர் தணிகாசலம். டைல்ஸ் மேஸ்திரி. தாம்பரம் தாண்டி எந்தக் கட்டடத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கீழே பதினாலு பேர் வேலை பார்க்கிறார்கள். பதினேழு வயதில் மணல் சலிக்க வந்தவன் நான். படிப்பா? அடிதான் படிப்பு. முதல் மேஸ்திரி சிமெண்ட் பூசுகிற கரணையைத் திருப்பிப் பிடித்து முட்டியிலேயே போடுவான். அஞ்சு வருஷம் 'டேய்', 'ஏய்', 'இந்தா', இதுதான் என் பேர். இருபத்திரண்டு வயதில் இந்த மீசையை விட்டேன். விட்ட மூன்றாவது மாசம் ஒரு இன்ஜினியர், நான் யாரென்று தெரியாமல், 'மேஸ்திரி, இங்க வாங்க' என்றார். வாங்க! அன்றைக்கு மேஸ்திரி ஆனவன்தான். வேலையை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

பேரம் வாயில் இல்லை அண்ணே, மீசையில் இருக்கிறது. எதிராளி ஒரு ரேட் சொல்வான். நான் பதில் பேச மாட்டேன். இடது பக்கம் ஒரு முறுக்கு. கொஞ்சம் ஏறுவான். வலது பக்கம் ஒரு முறுக்கு. இன்னும் கொஞ்சம் ஏறுவான். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு, பக்கத்து பிளாக் இருபத்திரண்டு மாடிக்கும் டைல்ஸ் வேலை யாருக்கு என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய் எதை முறுக்குவேன்? காதையா?

மொட்டை போடாமல் திரும்பிப் போயிடுங்களேன் என்பீர்கள். முடியாது. இந்த வேண்டுதலை முடிக்காமல் ஒருத்தரும் மாடி ஏற மாட்டோம் என்று என் ஆட்கள் பதினாலு பேரும் கரணையைக் கழுவி வைத்துவிட்டார்கள். மீசையோடு போனால் வேலை செய்ய ஆள் இல்லை. ஆளோடு போனால் பேரம் பேச மீசை இல்லை. இந்தப் பொறியில் என்னை மாட்டிவிட்டவன் அதோ வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். வழுக்கைத் தலை, மடியில் மஞ்சப்பை. அவன்தான். பிளம்பர். பேர் சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாகச் சொன்னதில்லை. நாங்கள் பேசுவதில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு கட்டடம். பாத்ரூம் தரை. 'தண்ணி விட்டுச் சோதிச்சு முடிக்கட்டும், அப்புறம் டைல்ஸ் போடு' என்று சொல்லி அனுப்பினான். நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? போட்டேன். சும்மா இல்லை, கண்ணாடி மாதிரி போட்டேன். ரெண்டு நாள் கழித்து வந்து, உள்ளே குழாய் கசிகிறது என்று, என் டைல்ஸை மெஷின் வைத்து உடைத்தான். பதினோரு டைல்ஸ். உடைத்தவன் அவன், திட்டு வாங்கியவன் நான். குழாய் கசிந்ததா என்கிறீர்களா? கசிந்தது. அது வேறு விஷயம்.

சரி, புயலுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு, ஆபீஸ் லீவு, யாரும் வெளியே வராதீர்கள். நான் சைட் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "சார், புயல்லயும் வந்து வேலை செய்றேன். பதிலுக்குப் பக்கத்து பிளாக் பேச்சுல என்னைத்தான் முதல்ல கூப்பிடணும்" என்றேன். "வேணாம் மேஸ்திரி, யாரும் மேல ஏறாதீங்க" என்றார். எந்தப் பேரத்திலும் முதல் வார்த்தை 'வேணாம்'தான். முப்பது வருஷமாகப் பேரம் பேசுகிறவனுக்கு அது தெரியாதா? சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

கூட வந்தது பொற்கொடி மட்டும். இருபது வருஷமாக என்னிடம் கலவை போடுகிறவள். வாய் ஒன்று இல்லையென்றால் தங்கமான பொம்பளை.

"இன்னா மேஸ்திரி, புயல்ல எவனாவது மாடி ஏறுவானா?"

"ஏறுறவன்தான் மேஸ்திரி."

"உன் பொண்டாட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே லிஃப்டில் ஏறினாள்.

பத்தொன்பதில் போய் இறங்கினால் அங்கே அவன்! மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் மூடிகள் பறந்துவிடாமல் கட்ட விடியற்காலையிலேயே வந்தானாம். கட்டி முடித்து இறங்கும்போது எங்களைப் பார்த்தானாம். பார்த்தவன் இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. வாசலில் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைத்தான். நான் வேலை பார்ப்பதை வேவு பார்க்கத்தான். வேறு எதற்கு?

"பொற்கொடி, மேஸ்திரியைக் கீழ எறங்கச் சொல்லு" என்றான்.

"பொற்கொடி, குழாய் வேலைக்காரன் குழாயைப் பார்த்தா போதும்னு சொல்லு" என்றேன்.

ரெண்டு பேருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. லிஃப்ட் நின்றது. காற்று ஊளையிடும் என்பார்களே, அதெல்லாம் தரையில் இருப்பவர்கள் கேட்கிற காற்று. மேலே வேறு. பிரேக் பிடித்த லாரி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. மழை மேலேயிருந்து விழவில்லை அண்ணே, கீழேயிருந்து மேலே போகிறது! என் கண்ணால் பார்த்தேன்.

ஹாலில் கடைசி வரிசை டைல்ஸ். ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறேன், உள்ளே குமிழி நடுவில் நிற்கவில்லை. இடது பக்கம் போகிறது. டைல்ஸைத் தட்டுகிறேன். வலது பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் தட்டுகிறேன். மறுபடி இடது. என் ஆயுசில் குமிழி என்னை ஏமாற்றியதில்லை. "எவன்டா தரையில குதிக்கிறது?" என்று கத்தினேன். அவன் வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தான், பீடி அணைந்துபோய். பொற்கொடி மெதுவாகச் சொன்னாள். "மேஸ்திரி, யாரும் குதிக்கலை. பக்கெட்டைப் பாரு." பக்கெட்டில் தண்ணீர் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்துகொண்டிருந்தது. கட்டடமே அசைகிறது.

பயந்தேனா? பயப்படவில்லை. உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

அப்போதுதான் தார்ப்பாய் அவிழ்ந்தது. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு இன்னும் மாட்டவில்லை. அந்தத் திறப்பை மறைத்து நீலத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருந்தேன். புதுசு. பால்கனிக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது, குறுக்கே ரெண்டு இரும்புக் குழாய் மட்டும். ஒரு முனை அவிழ்ந்ததும் மழை உள்ளே புகுந்து, காலையில் போட்ட டைல்ஸில் அடிக்கிறது. பால் மாதிரி சிமெண்ட் கரைந்து வருகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. போய்க் கயிற்றைப் பிடித்தேன். வழுக்கியது. கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டேன். ஜல்லிக்கட்டு மாட்டையே பிடிக்கிறான், ஒரு தார்ப்பாயைப் பிடிக்க முடியாதா?

மற்ற முனைகளும் பிய்த்துக்கொண்டு தார்ப்பாய் வயிறு புடைத்து வெளியே போனது. கூடவே நானும் போனேன்.

பட்டம் விட்டிருக்கிறீர்களா அண்ணே? நூல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பால்கனியில் இழுத்துக்கொண்டு போய்க் குறுக்குக் குழாயில் நெஞ்சை மோதவிட்டது. பாதி உடம்பு இந்தப் பக்கம். பாதி உடம்பு பத்தொன்பது மாடிக்கு மேலே. கீழே இருந்த கலவை மெஷின் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்க முடியவில்லை, இறுகிவிட்டது.

அந்த நேரம் அவன் வருகிறான். எப்படி வருகிறான்? ஓரமாகச் சுவரைப் பிடித்து வரக்கூடாதா? காலையில் போட்ட டைல்ஸ் மேல் குப்புறப் படுத்து, நெஞ்சால் தேய்த்துக்கொண்டே வருகிறான்! ஆறு டைல்ஸ் அசைந்துவிட்டது. அப்புறம் அந்த ஆறையும் எடுத்து மறுபடி போட்டேன், அது யாருக்குத் தெரியும்? வந்தவன் என் கணுக்காலைப் பிடித்தான். தன் காலைக் கதவு நிலையில் கோர்த்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு கத்தினான்.

"தாயே பச்சையம்மா! இந்த ஆளைக் காப்பாத்து! இவன் தலைமுடியை உனக்குக் குடுக்கறேன்!"

கவனியுங்கள். 'இவன்' தலைமுடி. காற்று நிற்கவில்லை. குழாய் வளைகிறது. மறுபடியும் கத்தினான்.

"மீசையையும் சேர்த்துக்கோ தாயே!"

கத்திக்கொண்டே பிளம்பர் பையிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்து, என் முதுகு மேல் எட்டிக் கயிற்றை அறுத்தான். தார்ப்பாய் பறந்து போயே போய்விட்டது. நான் உள்ளே வந்து விழுந்தேன். அது புதுத் தார்ப்பாய் அண்ணே. ஒரு மழைகூடப் பார்க்கவில்லை.

பொற்கொடி எங்கள் ரெண்டு பேரையும் உள் பாத்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அங்கே ஜன்னல் கிடையாது. மூன்று மணி நேரம். கவிழ்த்த பக்கெட்டில் அவள், ஒரு மூலையில் நான், எதிர் மூலையில் அவன். நெஞ்சிலும் முழங்கையிலும் அவனுக்குத் தோல் உரிந்திருந்தது. டைல்ஸ் ஓரம் கூர்மை, அதுதான். நல்ல டைல்ஸ் அப்படித்தான் இருக்கும்.

மூச்சு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். "பொற்கொடி, அந்த ஆளு என் முடியை எதுக்கு வேண்டினான்னு கேளு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு முடி இருந்தா என்னுதை வேண்டியிருப்பேன்னு சொல்லு."

"தலையில இல்லன்னா வேற எதையாவது வேண்டறது! தேங்காய் இல்லையா, சூடம் இல்லையா?"

"அந்த நேரத்துல கண்ணு முன்னாடி இந்த ஆளு தலைதான் தொங்குச்சுன்னு சொல்லு."

பொற்கொடி சிரித்துவிட்டாள். வெளியே கட்டடம் ஆடுகிறது, இவள் சிரிக்கிறாள்! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தானாம் ஒருத்தன். அந்தக் கதைதான் இது. சரி, தலையை விடுங்கள். தலைமுடி வளரும். மீசை எதற்கு? அதையும் கேட்டேன்.

"முதல்ல தலை மட்டும்தான் சொன்னேன். அம்மன் கேக்கலை. அப்புறம்தான் மீசையைச் சேர்த்தேன். ஒடனே கயிறு அறுந்துச்சு" என்றான்.

அம்மனா அறுத்தாள்? பிளேடு அறுத்தது! ஆனால் என் ஆத்திரம் அதுகூட இல்லை அண்ணே. பேரம் பேசத் தெரியாதவன் பேரத்தில் இறங்கலாமா? எடுத்த எடுப்பிலேயே முழுத்தலையைக் கொடுப்பானா ஒருத்தன்? முதலில் கிருதா என்று ஆரம்பிக்கணும். அம்மன் மசியவில்லையா, பின்னந்தலை. அப்புறம் பாதி. அப்படியே மெல்ல மெல்ல ஏறணும். நான் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன? நின்று நிதானமாகப் பேசியிருந்தால் பூமுடியோடு முடிந்திருக்கும். பொம்பளைகள் மூன்று விரல் அளவு கொடுக்கிறார்களே, அதோடு.

இன்னொன்று. பச்சையம்மன் அவனுடைய குலசாமி. என்னுடைய குலசாமி வேடியப்பன். என் முடிமேல் பாத்தியதை யாருக்கு? வேடியப்பனுக்குத்தானே? நாளைக்கு வேடியப்பன் வந்து, என்னடா, என் ஆள் தலையில் அவள் எப்படிக் கை வைத்தாள் என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

என்ன கேட்டீர்கள்? நீங்க ஒன்னும் வேண்டிக்கலையா என்றா?

கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். வேண்டினேன். குழாயில் தொங்கும்போது நானும்தான் மனசுக்குள் வேண்டினேன். வேடியப்பா, என்னை உள்ளே இழுத்துப் போடு, உனக்கு ஒரு கிடா வெட்டுகிறேன் என்று. எந்தக் கிடா? எங்கள் வீட்டில் ஆடு ஏது? அவன் வீட்டில் ஒரு கிடா நிற்கிறது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. அவன் பெண்டாட்டி ஆசையாக வளர்க்கிறாள், துரை என்று பேர் வைத்திருக்கிறாள். கண்ணு முன்னாடி அந்தக் கிடாதான் வந்தது.

சிரிக்காதீர்கள். ரெண்டும் ஒன்றா? ஆபத்துக்குப் பாவம் இல்லை. நான் உயிர் போகிற நேரத்தில் வேண்டினேன். அவனுக்கென்ன, சௌகரியமாகப் படுத்துக்கொண்டு வேண்டினான். ஆடு அவனுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆட்டுக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா? இன்னும் அவனிடம் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லணும். பொற்கொடி மூலமாகத்தான்.

புயல் போய்விட்டது. நானும் சும்மா விட்டிருப்பேன். ஊரே மறந்திருக்கும். பொற்கொடியின் வாய் விடுமா? கீழே இறங்குவதற்குள் இருபத்திரண்டு மாடிக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் டைல்ஸ் அறுக்கிற மெஷின் எரிந்தது. நனைந்த மெஷின் எரியாமல் பாட்டா பாடும்? "வேண்டுதல்" என்றார்கள். அவளே படியில் சறுக்கிக் கணுக்கால் வீங்கியது. "வேண்டுதல்." நான் ஏறிய லிஃப்ட் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் உள்ளேயே நின்றேன். கம்பி வலை வழியாகப் பார்க்கிறேன், என் ஆட்கள் வரிசையாகக் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருத்தன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்! அன்றைக்குச் சாயந்திரம்தான் கரணையைக் கழுவி வைத்தார்கள்.

"மேஸ்திரி, அம்மன் கடனை முடிச்சிட்டு வா. ஏறுறோம்" என்றாள் பொற்கொடி, எல்லாருக்கும் தலைவி மாதிரி.

நான் விட்டேனா? பூசாரிக்குப் போன் போட்டேன். வெள்ளியில் மீசை செய்து உண்டியலில் போடுகிறேன், கணக்கு நேராகிவிடுமா என்றேன். கண்நோவுக்கு வெள்ளிக் கண்மலர் போடுவதில்லையா? அந்த மாதிரி. அவர், "நோய்க்கு வெள்ளி செல்லும். வாய்விட்டுச் சொன்ன முடிக்கு முடிதான்" என்றார். ரெண்டு வெள்ளி மீசையாகப் போட்டால்? போனை வைத்துவிட்டார். பேரம் பேச லாயக்கில்லாத மனுஷன்.

அப்படித்தான் இன்றைக்குக் கிளம்பினேன். விடியற்காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பின் சீட்டில் இவன்! யார் கூப்பிட்டது? பொற்கொடி சொல்லியிருப்பாள். மூன்று மணி நேரம் என் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தான். வழியில் பஸ் நின்றபோது ரெண்டு டீ வாங்கினான். ஒன்றை என் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். குடித்தேன். டீ மேல் எனக்கு என்ன கோபம்? கோயில் வாசலில் இறங்கியதும் நேரே கடைக்குப் போய்ச் சந்தனம் வாங்கினான். ஒரு தலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரியிடம் கேட்டதை நான் கேட்டேன். அந்த மஞ்சப்பைக்குள் சந்தனமும் ஒரு புதுத் துண்டும் இருக்கின்றன. அவனுக்கு எதற்குச் சந்தனம்? மொட்டை அடிக்கப் போவது என் தலை. என் தலைக்குப் பூசுவதற்கு இவன் யார்?

கத்தியை எடுக்காதீர்கள் அண்ணே. இருங்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சீட்டைக் கிழிக்கவில்லை பாருங்கள். வெள்ளிக்கிழமை வழுமூஞ்சியாகப் போய் நிற்கிறேன். ரேட் இறங்கினால் இறங்கட்டும், வாயாலேயே பேசிக்கொள்கிறேன். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை தணிகாசலம்.

ஆனால் ஒரு கேள்வி எனக்குத் தீரவில்லை. பாத்ரூமில் அந்த மூன்று மணி நேரத்தில் அதைத்தான் கேட்க நினைத்தேன். மீசையைப் பற்றிக் கேட்டதில் நேரம் போய்விட்டது. பதினோரு டைல்ஸுக்காக மூன்று வருஷம் முகம் பார்க்காதவன், கால் நழுவினால் தானும் போய்விடுவோம் என்று தெரிந்து எதற்கு வந்து படுத்தான்? நான் பிழைக்கணும் என்று வேண்டினானா? இல்லை, தணிகாசலம் மீசை இல்லாமல் ஒருநாள் நடந்து போவதைப் பார்க்கணும் என்று இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததை, சந்தர்ப்பம் கிடைத்ததும் அம்மனிடம் சொல்லிவிட்டானா? ரெண்டில் எது? முதலாவது என்றால், எடுங்கள், தலை, மீசை, கிருதா, புருவத்தைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். ரெண்டாவது என்றால் அவனை இங்கேயே உருட்டிவிடுவேன், கோயில் என்று பார்க்க மாட்டேன்.

பொற்கொடி இங்கே இல்லை. நீங்களும் நடுவில் நின்று கேட்டுச் சொல்ல வேண்டாம். அந்த ஆள், இந்த ஆள் என்ற பேச்சும் வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்த மரத்தடிக்குப் போய்ச் சொல்லுங்கள். அவன் எழுந்து, உள்ளே வந்து, என் எதிரில் நின்று, என் மூஞ்சியைப் பார்த்து, தணிகாசலம் என்று என் பேரைச் சொல்லி, எதற்காக வேண்டினான் என்று அவன் வாயாலேயே என்னிடம் சொல்லணும். இன்றைக்கே சொல்லணும். அதுவரைக்கும் என் தலை இப்படியே ஈரமாகவே இருக்கட்டும்.